கட்டமைப்புக் கொள்கைகளை அனைவரும் ஏற்றுக்கொண்டார்கள், ஒருவரும் பின்பற்றவில்லை: எங்கே தவறினோம்?

வரைபலகை எழுதியது:

வணக்கம். பதினோரு ஆண்டுகள் மென்பொருள் உருவாக்கத்தில் இருந்துவிட்டு, எட்டு மாதங்களுக்கு முன்புதான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சர் என்று நாம் அன்றாடம் சொல்லும் நிறுவனக் கட்டமைப்புப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். நிறுவனத்தின் மென்பொருள்களும் தரவும் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்த வேண்டும் என்று வகுப்பது அதன் வேலை. பிரிவு என்று பெயர் இருந்தாலும் நாங்கள் நான்கு பேர்தான். வந்ததும் எங்களிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை, நிறுவனம் முழுமைக்கும் பொருந்தக்கூடிய கட்டமைப்புக் கொள்கைகளை வகுத்துத் தருவது. நிறுவனக் கட்டமைப்புக்கு வழிகாட்டியாக ஓப்பன் குரூப் அமைப்பு வெளியிடும் டோகாஃப் ஆவணத்தில் மாதிரியாகக் கொடுக்கப்பட்டிருக்கும் கொள்கைகளை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எங்கள் சூழலுக்கேற்பச் சிலவற்றைச் சேர்த்து, மூன்று மாத உழைப்பில் 23 கொள்கைகளை எழுதினோம். உயர்மட்டக் குழு ஒரே கூட்டத்தில், ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் ஒப்புதல் அளித்தது. அன்று மகிழ்ந்தேன். இப்போது நினைத்துப் பார்த்தால் அதுவே முதல் அபாய அறிகுறியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

ஒப்புதல் கிடைத்த சில வாரங்களிலேயே விற்பனைப் பிரிவு, எங்களைக் கேட்காமல், வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் புதிய மென்பொருள் ஒன்றைச் சந்தா முறையில் வாங்கிவிட்டது. சேவைப் பிரிவில் ஏற்கெனவே ஒரு வாடிக்கையாளர் தரவுத்தளம் இருக்கிறது. 'தரவு பகிரப்பட வேண்டும்' என்ற எங்கள் ஒன்பதாவது கொள்கையைச் சுட்டிக்காட்டியபோது, விற்பனைப் பிரிவின் தலைவர் மிகவும் பண்போடு, 'பகிர்வதில் எங்களுக்கு ஒரு தடையும் இல்லை, வாரம் ஒருமுறை கோப்பாக அனுப்பிவிடுகிறோம்' என்றார். கொள்கையின் சொற்களை வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் பிழையே இல்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'சந்தையில் கிடைப்பதை வாங்குக, புதிதாக உருவாக்காதே' என்று ஒரு கொள்கை. 'ஒரே பணிக்கு ஒரே மென்பொருள்' என்று மற்றொன்று. கிடங்குப் பிரிவு முதலாவதைக் காட்டி ஒரு மென்பொருளை வாங்க விரும்புகிறது. நாங்கள் இரண்டாவதைக் காட்டி, ஏற்கெனவே நாமே உருவாக்கி வைத்திருப்பதை விரிவாக்கச் சொல்கிறோம். இரண்டு கொள்கைகளையும் எழுதியவர்கள் நாங்களே.

அனுபவமுள்ளவர்களிடம் நான் அறிய விரும்புவது இவைதான். கொள்கைகள் எத்தனை இருக்கலாம், அவற்றை யார் எழுத வேண்டும், ஒன்றோடொன்று மோதும்போது எதை முன்வைப்பது, மீறுகிறவர்களை என்ன செய்வது? அடுத்த காலாண்டில் இந்தத் தொகுப்பை மறுஆய்வு செய்ய எங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது.

பழையதச்சன் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் எழுதியிருப்பது அரிதான நிலைமை என்று எண்ண வேண்டாம். நான் பணியாற்றிய மூன்று நிறுவனங்களில் இரண்டில் ஏறக்குறைய இதே கதைதான் நடந்தது; அவற்றில் ஒன்றில் அந்தக் கொள்கைகளை எழுதியவன் நானே.

டோகாஃப் குறித்து முதலில் ஒரு சொல். 1995-இல் அதன் முதல் பதிப்பு வெளிவந்த காலத்திலிருந்து பலர் அதைச் சட்டப் புத்தகம்போலப் படித்து வருகிறார்கள். ஆனால் அதிலுள்ள கொள்கைப் பட்டியல் விளக்கத்துக்காகத் தரப்பட்ட மாதிரி மட்டுமே. அதைவிடப் பயனுள்ள பகுதி, ஒரு கொள்கையை எந்த வடிவில் எழுத வேண்டும் என்று அது சொல்லும் இடம். ஒவ்வொரு கொள்கைக்கும் பெயர், கூற்று, காரணம், விளைவுகள் என நான்கு உறுப்புகள் இருக்க வேண்டும் என்கிறது. பெரும்பாலான நிறுவனங்களில் பெயரையும் கூற்றையும் எழுதுவதற்கு ஒரு மாதம் செலவிடுகிறார்கள். காரணத்தை ஒரு பிற்பகலில் எழுதுகிறார்கள். விளைவுகள் என்ற பகுதியில் 'ஊழியர்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்' என்று ஒரு வரி போட்டுவிட்டு முடித்துவிடுகிறார்கள். கொள்கைக்கு உயிர் இருப்பதோ அந்த நான்காம் உறுப்பில்தான். இதை ஏற்றுக்கொண்டால் எந்தப் பிரிவு எதை இழக்கும், எந்தச் செலவு கூடும், எந்த வேலை தாமதமாகும் என்று அங்கே எழுதப்பட்டிருந்தால், உங்கள் உயர்மட்டக் குழு ஒரே கூட்டத்தில் ஒப்புதல் அளித்திருக்காது.

ஒரு கொள்கை கொள்கைதானா என்று அறிய நான் பயன்படுத்தும் சோதனை எளியது. அதன் எதிர்மறையை எழுதிப் பார்ப்பேன். 'தரவு ஒரு சொத்து' என்பதன் எதிர்மறை 'தரவு மதிப்பற்றது'. அறிவுள்ள எந்த நிறுவனமும் அப்படிச் சொல்லாது. ஆகவே அந்த வாக்கியம் எந்த முடிவையும் எடுக்க உதவாது, அது ஒரு நல்லெண்ணம் மட்டுமே. மாறாக, 'ஒரு வெண்டர் (மென்பொருள் விற்கும் நிறுவனம்) தரும் கூடுதல் வசதிகளை முழுமையாகப் பயன்படுத்துவோம், பின்னாளில் அவரைவிட்டு வெளியேறுவது கடினமாகும் என்பதை அறிந்தே' என்று எழுதினால், அதன் எதிர்மறையும் ஒரு நல்ல நிறுவனம் தேர்ந்தெடுக்கக்கூடிய வழியாகவே இருக்கிறது. வெளியேறும் சுதந்திரத்துக்காக வசதிகளைத் துறக்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களும் மூடர்கள் அல்லர். இரண்டு நியாயமான பாதைகளுள் ஒன்றை முன்கூட்டியே தேர்ந்து, மற்றதைக் கைவிட்டதாக அறிவிப்பதற்குத்தான் கொள்கை தேவைப்படுகிறது.

உங்கள் ஒன்பதாவது கொள்கையை எடுத்துக்கொள்வோம். 'தரவு பகிரப்பட வேண்டும்' என்பதற்குப் பதிலாக இப்படி எழுதியிருந்தால்: 'வாடிக்கையாளர் பற்றிய அடிப்படை விவரங்களுக்கு நிறுவனத்தில் ஒரே ஒரு மூலப்பதிவு இருக்கும். மற்ற எந்த மென்பொருளும் அந்த விவரங்களைத் தானாக உருவாக்கவோ திருத்தவோ கூடாது. மூலப்பதிவிடம் கேட்டுப் பெறலாம், திருத்தம் வேண்டுமானால் அதனிடமே கோரலாம்.' விளைவுகள் பகுதியில்: 'தனக்கென வாடிக்கையாளர் பதிவேடு வைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில் இயங்க முடியாத மென்பொருளை, வேறு சிறப்புகள் எவ்வளவு இருந்தாலும், நாம் வாங்க மாட்டோம். இதனால் சில பிரிவுகளுக்கு அவர்கள் விரும்பும் மென்பொருள் கிடைக்காமல் போகலாம்.' வாரக் கோப்பு என்ற பதிலுக்கு இங்கே இடமில்லை. விற்பனைப் பிரிவின் தலைவரும் ஒப்புதல் கூட்டத்திலேயே எழுந்து நின்றிருப்பார். அந்தச் சண்டை அன்றே நடந்திருக்க வேண்டியது. நீங்கள் அதை ஐந்து மாதம் தள்ளிப்போட்டிருக்கிறீர்கள், வட்டியோடு.

எண்ணிக்கை பற்றிக் கேட்டீர்கள். ஒரு திட்டத் தலைவர் ஏட்டைப் பார்க்காமல் நினைவிலிருந்து சொல்லக்கூடிய அளவே சரி என்பது என் கருத்து. அது ஒன்பதைத் தாண்டி நான் கண்டதில்லை. எஞ்சியவற்றில் பல கொள்கைகளே அல்ல. 'சட்டத்துக்கு உட்பட்டு நடப்போம்' என்பது கடமை, அதில் தேர்வு இல்லை. 'எல்லாச் செய்திப் பரிமாற்றமும் இன்ன முறையில் மறைகுறியாக்கப்பட வேண்டும்' என்பது தரநிலை, அதற்குத் தனி ஆவணம் உண்டு. இவற்றைப் பிரித்து எடுத்தாலே உங்கள் 23 பாதியாகிவிடும்.

கணக்குப்பிரிவு எழுதியது:

நான் தொழில்நுட்பத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும் மேசையில் அமர்ந்திருப்பவன். மேலே எழுதியவரின் கருத்தோடு உடன்படுகிறேன், ஆனால் சொற்களைச் சரிசெய்தால் நடத்தை மாறிவிடும் என்று அவர் நம்புவதாகத் தோன்றுகிறது. விற்பனைப் பிரிவு ஏன் தனியாக வாங்கியது என்று யாரும் கேட்கவில்லையே?

பெரும்பாலான நிறுவனங்களில் நிதி பிரிவுவாரியாக, ஆண்டுவாரியாக ஒதுக்கப்படுகிறது. விற்பனைப் பிரிவிடம் ஒரு தொகை இருக்கிறது, அதை இந்த ஆண்டுக்குள் செலவிட வேண்டும், பயனும் இந்த ஆண்டின் விற்பனையில் தெரிய வேண்டும். பொதுவான மூலப்பதிவு ஒன்றை உருவாக்குவதற்கான செலவு யாருடைய கணக்கிலும் இல்லை. அதன் பயன் ஐந்து பிரிவுகளுக்குச் சிறிது சிறிதாகப் போய்ச் சேர்கிறது. முதலில் இணைய முன்வரும் பிரிவுதான் இணைப்புச் செலவில் பெரும்பகுதியைச் சுமக்கும், கடைசியில் வருகிறவருக்கு அது ஏறக்குறைய இலவசம். இந்த ஏற்பாட்டில் தனியாக வாங்குவதுதான் அந்தத் தலைவருக்கு அறிவுடைய முடிவு. அவர் கொள்கையை மீறினார் என்று குறை சொல்கிறீர்கள். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

ஆகவே விளைவுகள் என்ற பகுதியில் ஒரு வரியைக் கட்டாயமாகச் சேருங்கள்: இந்தக் கொள்கையால் ஏற்படும் கூடுதல் செலவை யார் ஏற்பார்? பொதுவான பணிகளுக்கு மையமாக ஒரு நிதி ஒதுக்கப்பட வேண்டும், அல்லது முதலில் இணையும் பிரிவின் இணைப்புச் செலவை மையம் ஏற்க வேண்டும். இதற்கு வழியில்லை என்று நிதித் தலைமை சொல்லிவிட்டால், அந்தக் கொள்கையை எழுதாமலிருப்பதே நேர்மை.

இன்னொன்று: கொள்கைப் பரிசோதனை நிதி ஒதுக்கீட்டுக்கு முன்பு நடக்க வேண்டும். எங்களிடம் வரும் கோரிக்கைகளில், வெண்டரோடு ஒப்பந்தம் கிட்டத்தட்ட முடிவான பிறகுதான் கட்டமைப்புப் பிரிவின் கருத்து இணைக்கப்படுகிறது. அந்தக் கட்டத்தில் 'வேண்டாம்' என்று எழுதுவதற்கு யாருக்கும் துணிவு வருவதில்லை, வந்தாலும் அது செல்லுபடியாவதில்லை.

இரவுப்பணி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் மென்பொருள் எழுதி, அது இரவில் விழுந்தால் எழுந்து தூக்கி நிறுத்துகிற குழுவில் இருப்பவன். கட்டமைப்புக் கொள்கைகள் எங்களை வந்தடையும் வழி மறுஆய்வுக் குழு என்ற ஒன்றே. முன்பு நான் இருந்த நிறுவனத்தில் அந்தக் குழு மாதம் ஒருமுறை கூடும். நாற்பது பக்க ஆவணம் எழுதி, வரிசையில் காத்திருந்து, அரை மணி நேரம் விளக்க வேண்டும். எங்கள் சேவையின் உள்ளமைப்பை ஒருபோதும் பார்த்திராதவர்கள், வரைபடத்தில் ஓர் அம்புக்குறி தவறான திசையில் இருக்கிறது என்று சொல்லி அடுத்த மாதம் வரச் சொன்னார்கள். அதன் பிறகு எங்கள் குழு செய்ததை வெட்கமின்றிச் சொல்கிறேன்: புதிய திட்டம் என்ற பெயரில் ஒன்றையும் தொடங்காமல், எல்லாவற்றையும் பழைய சேவையின் சிறு திருத்தம் என்றே பதிவு செய்தோம். சிறு திருத்தங்களுக்கு மறுஆய்வு கிடையாது. இரண்டு ஆண்டுகளில் அந்தப் பழைய சேவை ஊதிப் பெருத்து, யாரும் தொட அஞ்சும் ஒன்றாகிவிட்டது. கட்டமைப்பைக் காக்க வந்த முறையே கட்டமைப்பைக் கெடுத்தது.

எனவே, 'மீறுகிறவர்களை என்ன செய்வது' என்ற கேள்வியைச் சற்றே திருப்பிக் கேளுங்கள். பின்பற்றுவதை மீறுவதைவிட எளிதாக்க என்ன செய்திருக்கிறீர்கள்? 'ஒரு சேவை மற்றொரு சேவையின் தரவுத்தளத்தை நேரடியாகத் தொடக்கூடாது, ஏபிஐ என்னும் முறையான இணைப்பு வாயில் வழியாகவே கேட்க வேண்டும்' என்ற கொள்கை இப்போது நான் இருக்கும் இடத்தில் உண்டு. அதற்காக எந்தக் கூட்டமும் இல்லை. தரவுத்தளத்துக்கான அனுமதி அந்தந்தச் சேவைக்கு மட்டுமே வழங்கப்படுகிறது. மற்றவர்கள் முயன்றால் இணைப்பே கிடைக்காது. புதிய சேவை தொடங்குவதற்கு ஒரு தயார் வார்ப்புரு இருக்கிறது. பதிவேடு, கண்காணிப்பு, அடையாளச் சரிபார்ப்பு எல்லாம் அதில் ஏற்கெனவே கொள்கைப்படி அமைந்திருக்கின்றன. அதைப் பயன்படுத்தினால் அரை நாளில் வேலை முடியும், பயன்படுத்தாவிட்டால் இரண்டு வாரம் ஆகும். எங்களில் யாரும் கொள்கை ஏட்டைப் படித்ததில்லை, ஆனால் ஏறக்குறைய எல்லோரும் அதைப் பின்பற்றுகிறோம்.

எந்திரத்தால் சோதிக்க முடியாதவற்றுக்கு, 2011-இல் மென்பொருள் வல்லுநர் மைக்கேல் நைகார்ட் முன்மொழிந்த முடிவுப் பதிவு முறை எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. ஒவ்வொரு முக்கிய முடிவுக்கும் ஓரிரு பக்கம்: சூழல் என்ன, என்ன முடிவு செய்தோம், அதன் விளைவுகள் யாவை, முடிவு இன்னும் நடப்பில் உள்ளதா அல்லது வேறொன்றால் மாற்றப்பட்டதா. அது நிரலோடு ஒரே களஞ்சியத்தில் இருக்கிறது. எந்தக் கொள்கையைப் பின்பற்றினோம், எதை அறிந்தே மீறினோம் என்பதையும் அதில் எழுதிவிடுகிறோம். ஆர்க்கிடெக்ட்டுகள் எப்போது வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். அவர்கள் படித்துவிட்டுக் கேட்கும் கேள்விகள், பழைய மறுஆய்வுக் குழுவின் கேள்விகளைவிடப் பத்து மடங்கு கூர்மையானவை, ஏனெனில் கேட்கப்படுவது உண்மையாக நடந்ததைப் பற்றி.

ஓர் அமைப்பு உருவாக்கும் வடிவமைப்பு, அந்த அமைப்புக்குள் பேச்சுத் தொடர்புகள் எப்படி ஓடுகின்றனவோ அதையே நகலெடுத்து நிற்கும் என்று கணினி அறிஞர் மெல்வின் கான்வே 1968-இல் எழுதினார். உங்கள் விற்பனைப் பிரிவும் சேவைப் பிரிவும் வாரம் ஒருமுறைதான் பேசிக்கொள்கின்றன என்று ஊகிக்கிறேன். வாரக் கோப்பு என்ற யோசனை வானத்திலிருந்து குதித்திருக்காது.

தரவேடு எழுதியது:

வாரக் கோப்பைப் பற்றி மட்டும் சில வரிகள் எழுதுகிறேன், ஏனெனில் அதைச் சுத்தம் செய்வதே பல ஆண்டுகளாக என் தொழில்.

வாரம் ஒருமுறை கோப்பு அனுப்புவது பார்ப்பதற்குத் தீங்கற்றதாகத் தெரியும். ஒரு வாடிக்கையாளர் செவ்வாய்க்கிழமை சேவைப் பிரிவை அழைத்துத் தன் முகவரியை மாற்றுகிறார். புதன்கிழமை விற்பனைப் பிரிவினர் அவரிடம் பேசும்போது தொலைபேசி எண்ணைத் திருத்துகிறார்கள். அவர்களுடைய திரையில் பழைய முகவரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கோப்பு வருகிறது. அந்தக் கோப்பில் புதன்கிழமை என்ற பிந்தைய தேதியோடு முழுப் பதிவும் இருப்பதால், இறக்கும் நிரல் அதையே புதியது என்று எடுத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வந்த சரியான முகவரியை அழித்துவிடுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. பொருள் பழைய வீட்டுக்குப் போய்ச் சேரும்போதுதான் தெரியவரும். நான் பார்த்த ஒரு நிறுவனத்தில் ஒரே மனிதருக்கு நான்கு மென்பொருள்களில் நான்கு முகவரிகள் இருந்தன. எது சரி என்று கண்டறிய அவருக்கே தொலைபேசி செய்ய வேண்டியிருந்தது. அவர் எரிச்சலோடு, 'இதை உங்களிடம் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்' என்றார்.

பழையதச்சன் எழுதிய மாற்று வாசகம் நன்று, ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. மூலப்பதிவு எந்த மென்பொருளில் இருக்கும் என்று அது பேசுகிறது. அந்த விவரங்களின் தரத்துக்கு எந்த மனிதர் பொறுப்பு என்று பேசவில்லை. உரிமையாளர் என்று ஒருவர் பெயரிடப்பட வேண்டும், அவர் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கக்கூடாது. 'செயல்பாட்டில் உள்ள வாடிக்கையாளர்' என்றால் யார், கடந்த எத்தனை மாதத்தில் வாங்கியவர், ஒரு குடும்பத்தில் இருவர் ஒரே கணக்கைப் பயன்படுத்தினால் அவர் ஒருவரா இருவரா, இவற்றுக்கெல்லாம் தரவுத்தள நிர்வாகி விடை சொல்ல முடியாது. இந்த விளக்கங்களில் பிரிவுகளுக்கிடையே உடன்பாடு ஏற்படாமல் மூலப்பதிவைக் கட்டினால், பழைய குழப்பம் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கும். அவ்வளவுதான் வேறுபாடு.

எல்லாத் தரவுக்கும் மூலப்பதிவு வேண்டும் என்றும் ஆசைப்பட வேண்டாம். வாடிக்கையாளர், பொருள், ஊழியர், இடம் போன்ற, பல பிரிவுகள் தொடும் நான்கைந்துக்கு மட்டும் இதை வற்புறுத்துங்கள். விற்பனையாளர் தன் குறிப்பேட்டில் எழுதி வைக்கும் செய்திகளை அவரிடமே விட்டுவிடலாம்.

நீலவரை எழுதியது:

உரையாடல் நன்றாகப் போகிறது, ஆனால் அனைவரும் ஒன்றைக் கேட்காமலேயே ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள்: ஒருங்கிணைப்பு நல்லது என்பதை. அது நிறுவனத்தைப் பொறுத்தது.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜீன் ராஸ், பீட்டர் வைல் ஆகியோர் டேவிட் ராபர்ட்சனோடு சேர்ந்து 2006-இல் முன்வைத்த பகுப்பு எனக்கு இன்றும் பயன்படுகிறது. இரண்டு கேள்விகள் மட்டும். பிரிவுகள் தங்களுக்குள் தரவை எவ்வளவு பகிர்ந்துகொள்ள வேண்டும், வேலைமுறைகள் எவ்வளவு ஒரேமாதிரி இருக்க வேண்டும்? இரண்டும் குறைவாகத் தேவைப்படும் நிறுவனத்தில் ஒவ்வொரு பிரிவும் தனித்து இயங்கலாம். தரவு பொதுவாகவும் வேலைமுறை வெவ்வேறாகவும் இருப்பது ஒருவகை. கிளைகள் ஒன்றையொன்று அறியாவிட்டாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இயங்குவது மற்றொரு வகை. இரண்டும் உயர்ந்த அளவில் தேவைப்படுவது நான்காம் வகை. ஒரே கூரையின்கீழ் தொடர்பில்லாத தொழில்கள் பல நடக்கும் முதல் வகை நிறுவனத்தில், 'ஒரே பணிக்கு ஒரே மென்பொருள்' என்ற கொள்கை தேவையற்ற விலங்கு.

வரைபலகை அவர்களே, உங்கள் இரண்டு கொள்கைகள் மோதுவதற்குக் காரணம் இங்கேதான் இருக்கக்கூடும். 'வாங்குக' என்பது பிரிவின் வேகத்தை முன்வைக்கிறது, 'ஒன்றே போதும்' என்பது நிறுவனத்தின் ஒருமையை முன்வைக்கிறது. எது முதன்மை என்பதை நான்கு ஆர்க்கிடெக்ட்டுகள் முடிவு செய்ய முடியாது. அதை உயர்மட்டக் குழுதான் சொல்ல வேண்டும். அவர்களிடம் '23 கொள்கைகளை ஏற்கிறீர்களா' என்று கேட்டதற்குப் பதிலாக, 'விற்பனைப் பிரிவும் சேவைப் பிரிவும் ஒரே வாடிக்கையாளரை ஒரே மாதிரி நடத்த வேண்டுமா, அதற்காக விற்பனையின் வேகம் சற்றுக் குறைந்தாலும் ஏற்பீர்களா' என்று கேட்டிருக்க வேண்டும். அந்த விடையிலிருந்து நான்கு கொள்கைகளையாவது நீங்களே வருவித்துவிடலாம். மோதல்களுக்கான முன்னுரிமையும் அதே விடையில் இருக்கிறது.

மோதலே வரக்கூடாது என்றும் கருத வேண்டாம். ஒன்றைக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கும்போது மற்றொன்றைத் தளர்த்திப் பொருள்கொள்ள நேரிடலாம் என்று டோகாஃப் ஆவணமே ஒத்துக்கொள்கிறது. ஒன்றின் உட்கருத்தையே மற்றொன்று முறிக்காமல் இருந்தால் போதும். எந்த வழக்கில் எதை முன்வைத்தோம், ஏன், என்பது எழுதப்பட வேண்டும்.

வரைபலகை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சில இடங்கள் சுட்டன, ஆனால் தேவையான சூடு. கணக்குப்பிரிவு எழுதியதைப் படித்த பிறகு விற்பனைப் பிரிவின் தலைவரைச் சந்தித்து, கொள்கையைப் பற்றிப் பேசாமல், ஏன் தனியாக வாங்க நேர்ந்தது என்று மட்டும் கேட்டேன். சேவைப் பிரிவின் தரவுத்தளத்தில் ஒரு கூடுதல் புலம் (புதிய விவரம் ஒன்றைப் பதிவதற்கான இடம்) சேர்க்கக் கேட்டு ஏழு மாதம் காத்திருந்ததாகச் சொன்னார். கேட்டது என்னிடம் இல்லை என்றாலும் தலைகுனிய வேண்டியதாயிற்று.

பழைய தொகுப்பை எதிர்மறைச் சோதனைக்கு உட்படுத்தினோம். 23-இல் ஆறு மட்டுமே தேறின; நான்கு தரநிலை ஏட்டுக்குப் போயின; மற்றவை நல்லெண்ணங்கள். மீண்டும் எழுதியவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே இடுகிறேன், உங்கள் கருத்துக்காக.

'பெயர்: ஒரு வாடிக்கையாளர், ஒரு பதிவு. கூற்று: வாடிக்கையாளரின் பெயர், தொடர்பு விவரங்கள், அடையாளம் ஆகியவற்றுக்கு நிறுவனத்தில் ஒரே மூலப்பதிவு இருக்கும், பிற மென்பொருள்கள் முடிந்தவரை அதனிடமிருந்தே அவற்றைப் பெறும். காரணம்: வாடிக்கையாளர் எந்தப் பிரிவைத் தொடர்புகொண்டாலும் முன்பு சொன்னதை மறுபடி சொல்ல நேரக்கூடாது என்று உயர்மட்டக் குழு முடிவு செய்திருக்கிறது. விளைவுகள்: சேவைப் பிரிவின் தலைவர் இந்தப் பதிவின் உரிமையாளர். புதிய புலம் கோரப்பட்டால் 20 வேலை நாட்களுக்குள் சேர்க்கவோ, காரணத்தோடு மறுக்கவோ வேண்டும். முதல் இணைப்பின் செலவு மைய நிதியிலிருந்து. தனிப் பதிவேடு இன்றி இயங்காத மென்பொருளை வாங்க மாட்டோம். விலக்கு வேண்டுவோர் கட்டமைப்புப் பிரிவுக்கு எழுதலாம்.'

இரவுப்பணி எழுதியது:

20 நாள் என்று உங்களுக்கே ஒரு கெடு விதித்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. பின்பற்றுகிறவர்களிடம் மட்டும் கடமையைக் கேட்கும் கொள்கைகளைத்தான் இதுவரை பார்த்திருக்கிறேன்.

விலக்கு பற்றிய வரி போதாது. யார் தருவார், எத்தனை நாளில் தருவார், எதுவரை செல்லும் என்று எழுதுங்கள். முடிவுத் தேதியில்லாத விலக்கு என்பது கொள்கையை ஓசையின்றி ரத்து செய்வது. எங்களிடம் விலக்குகள் அதிகபட்சம் ஓராண்டு. காலம் முடியும் முன்பு கோரிய குழுவே வந்து நீட்டிப்புக் கேட்க வேண்டும். ஒரே கொள்கைக்கு ஓராண்டில் ஐந்தாறு விலக்குகள் குவிந்தால், தவறு குழுக்களிடம் இல்லை, கொள்கையில்தான் என்று எடுத்துக்கொண்டு அதைத் திருத்துகிறோம். சென்ற ஆண்டு ஒன்றை முழுமையாகவே நீக்கினோம்.

விற்பனைப் பிரிவு இப்போது வாங்கியிருக்கும் மென்பொருளுக்கும் இதேபோல் ஒரு விலக்கு கொடுத்துவிடுங்கள். சந்தா முடியும் நாளே விலக்கு முடியும் நாள். பணம் கட்டி வாங்கியதைப் பாதியில் பிடுங்கினால், அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமலேயே வாங்குவார்கள்.

பழையதச்சன் எழுதியது:

அதே வாசகத்தில் இன்னும் ஒரு திருத்தம். கூற்றில் 'முடிந்தவரை' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை யார் சேர்த்தார்கள் என்று ஊகிக்க முடிகிறது. கூட்டத்தில் யாரோ முகம் சுளித்திருப்பார், நீங்கள் சமாதானமாகப் போயிருப்பீர்கள். எதிர்மறைச் சோதனையில் இந்த வாசகம் தேறுகிறது, ஆனால் அந்தச் சொல் இருக்கும்வரை வாரக் கோப்பு திரும்பி வரும். தளர்வுக்கான இடம் விலக்கு என்ற பகுதி. இரவுப்பணி சொன்னபடி அதை விரிவாக எழுதிவிட்டால், கூற்றில் தளர்வு தேவைப்படாது.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, நிதித் தலைமையிடமும் சேவைப் பிரிவின் தலைவரிடமும் தனித்தனியாக ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். செலவும் கெடுவும் விழுவது அவர்கள் இருவர்மீதும்தான். உயர்மட்டக் குழுவின் மேசைக்கு அதன் பிறகு கொண்டுபோகலாம்.

வரைபலகை எழுதியது:

எடுத்துவிட்டேன். சேர்த்தது நான்தான், கூட்டம்கூட நடக்கவில்லை. யாராவது முகம் சுளிப்பார்கள் என்று முன்கூட்டியே சேர்த்துக்கொண்டேன். சேவைப் பிரிவின் தலைவரோடு வியாழக்கிழமை பேசுகிறேன். அவர் 20 நாளை 40 ஆக்கச் சொல்வார் என்று நினைக்கிறேன், 30-இல் முடிந்தால் இங்கே வந்து எழுதுகிறேன்.